எதிர்ப்புப் பூச்சியம்

ஒரு படிவத்துக்கு நூற்றெண்பது ரூபாய்.
பஸ் காசு என் செலவு.
கிண்ணியாவில் இறங்கி உப்பாற்றுப் பக்கம் நடக்கிறேன்
இருபத்திரண்டு படிவமும் நனையாமல்
சொப்பிங் பையில் சுற்றி, நெஞ்சோடு.

வற்று நேரம்.
முழங்கால்வரை சேற்றில் பெண்கள்.
குதிக்காலால் மட்டி தேடுகிறார்கள்,
கரண்ட் போன வீட்டில்
சுவிட்சைத் தடவுகிற மாதிரி.

பதினாறாம் கேள்விவரை சிக்கல் இல்லை.
வீட்டில் எத்தனை பேர். விறகு எங்கிருந்து.
அவித்த சதை கிலோ என்ன விலை.
"எண்ணூத்தி அறுவது" என்றா சீனத்தும்மா.

பதினேழு, பெட்டிக்குள், தடித்த எழுத்தில்:
இந்தக் கண்டற்காடு இப்படியே இருப்பதற்கு
நீங்கள் மாதம் எவ்வளவு செலுத்த விரும்புகிறீர்கள்?

அவ நிமிர்ந்தா.
"ஆருக்கு?"
ஒரு நிதியத்துக்கு. உண்மையில் இல்லை, கற்பனை.
"இல்லாத ஆளுக்கு நான் காசு குடுக்கணும்."
காசும் கற்பனைதான், என்றேன்.
"அப்ப ஒரு கோடி எழுது."
எழுதினேன். வெட்டினேன்.
அவர்கள் சிரித்த சிரிப்பில்
கொக்கு ஒன்று எழும்பி அக்கரை போனது.

பிறகு, உமலை அலசிக்கொண்டே, சிரிக்காமல்:
"வெட்ட வாறவன்
எனக்கு எவ்வளவு தருவான்?
அந்தக் கேள்வி எத்தினையாவது புள்ள?"

அந்தக் கேள்வி இல்லை.
பயிற்சி நாளில் நானே கேட்டேன்.
அப்படிக் கேட்டால் சனம் வானத்துக்குச் சொல்லும்,
சராசரி கெட்டுவிடும், என்றார் கோகுலன் சேர்.

"பூச்சியம் போடு" என்றா.
அதற்கும் குறியீடு உண்டு, தொண்ணூற்றொன்பது.
இல்லாதவர் சொல்லும் பூச்சியம் கூட்டலில் சேரும்.
மறுப்பவர் சொல்லும் பூச்சியத்தை
நீக்கிவிட்டுத்தான் கூட்டுவார்கள்.
என் கட்டில் அப்படி ஐந்து.

திருகோணமலை உட்துறைமுக வீதி, ஏசி அறை.
சேர் எட்டு வீதம் என்று தட்டினார்.
முப்பதாம் வருசத்து மட்டி
என் கண்ணெதிரே பத்தில் ஒன்றாய்ச் சுருங்கியது.
சீனத்தும்மாவின் கடைசி மகளுக்கு இப்போது ஆறு வயது.
அப்போது முப்பத்தாறு.
அவளுடைய உமலைத்தான் சுருக்கினோம்.

மீன்பிடி அட்டவணையில்
கடலுக்கு இறங்கப் பாஸ் கேட்ட வருசங்களுக்கு நேரே
ஒரு சின்னக் கோடு. தரவு இல்லை.

என்றாலும் சேரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.
போன வருசம் கச்சேரி மண்டபத்தில்
இறால் பண்ணைக்காரர் எண்ணோடு வந்தார்:
ஐம்பத்தாறு வேலை, இத்தனை மில்லியன்.
எங்கள் பக்கம் எழும்பி அழகு என்றார்கள்,
பரம்பரை என்றார்கள், ஒருவர் அழவும் செய்தார்.
குறிப்பெடுத்த பிள்ளை அந்தக் கட்டத்தை வெறுமையாய் விட்டது.
வெறுமையைக் கணினி பூச்சியமாகத்தான் கூட்டும்.

இந்தமுறை கட்டத்தில் எண் இருந்தது.
அலை மறிப்பது, குஞ்சு பொரிப்பது, சேறு பிடிப்பது
எல்லாம் சேர்த்து
ஹெக்டயருக்கு, வருசத்துக்கு, நாலு லட்சத்து முப்பதாயிரம்.
அனுமதியைப் பன்னிரண்டு மாதம் தள்ளிவைத்தார்கள்.
சீனத்தும்மா இல்லாத கூட்டுத்தொகை
சீனத்தும்மாவின் சேற்றுக்கு
ஒரு வருசம் வாங்கித் தந்தது.

சொல்லப் போனேன். இந்தத் தடவை படிவம் இல்லை.
தொகையைக் கேட்டு, விரலை மடக்கி,
"எண்ணூத்தி அறுவதால பிரிச்சா
ஐந்நூறு கிலோ" என்றா, கடதாசி இல்லாமல்.
"அதை நானும் மைமூனும் ஆடிக்குள்ள எடுத்திருவம்.
மிச்ச மாசமெல்லாம் ஆர்ர கணக்கில?"

சேரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"கேளு. இன்னும் அரை மணித்தியாலம் வத்து இருக்கு,
நிண்டு கதைச்சா எனக்கு நட்டம்"
என்று இறங்கிப் போனா.